புண்ணாக்கு சொல்லித் தந்த முதல் ஆண்டு

சென்ற ஆவணி மாதத்தோடு எங்கள் மரச்செக்கு ஓடத் தொடங்கி ஓராண்டு நிறைந்தது. அன்றிரவு கடையைச் சாத்திய பிறகு, பன்னிரண்டு மாதக் கணக்கு நோட்டுகளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்து கூட்டினேன். எண்ணெய் விற்று வந்தது 20 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். புண்ணாக்கு விற்று வந்தது 3 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். சரக்கு, கூலி, வாடகை, கரண்ட், பாட்டில், வங்கித் தவணை என எல்லாம் போகக் கையில் நின்றது 1 லட்சத்து 92 ஆயிரம் ரூபாய். இந்த மூன்று தொகைகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். புண்ணாக்குக் காசு மட்டும் வராமல் இருந்திருந்தால், ஓராண்டு உழைப்புக்குப் பிறகு ஏறக்குறைய 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் நட்டத்தில் நின்றிருப்பேன்.

செக்குத் தொடங்குவதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதியவள் நான். வங்கியில் கடன் கேட்டுப் போனபோது திட்ட அறிக்கையை யாரிடமும் கொடுத்து எழுதி வாங்கவில்லை, நானே எழுதினேன். அந்த அறிக்கையை இப்போது எடுத்துப் பார்த்தால், எண்ணெய்க்கு மூன்று பக்கம் இருக்கிறது: கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஒவ்வொன்றுக்கும் மாதவாரியாக விற்பனை மதிப்பீடு. புண்ணாக்குக்கு ஒரே ஒரு வரிதான். ‘இதர வருமானம்’ என்ற தலைப்பின் கீழ், பழைய சாக்கு விற்பனையோடு சேர்த்து அதை எழுதியிருக்கிறேன். கணக்குத் தெரிந்தவள் என்ற நம்பிக்கையோடு தொழிலுக்கு வந்த எனக்கு, இந்தத் தொழிலின் கணக்கு எங்கே இருக்கிறது என்பது தெரிய ஆறு மாதம் ஆனது. கற்றுக்கொடுத்தவர்கள் மாடு வளர்ப்பவர்கள்.

எங்கள் செக்கு காங்கேயத்திலிருந்து 8 கிலோமீட்டர் தள்ளி, தாராபுரம் சாலையை ஒட்டிய ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. காங்கேயத்தைச் சுற்றித் தேங்காய்ப் பருப்பு காயும் உலர்களங்களும் எண்ணெய் ஆலைகளும் எத்தனை இருக்கின்றன என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். லாரி லாரியாகப் பருப்பு வந்து இறங்கும் ஊரில், நாளொன்றுக்கு 40, 50 கிலோ ஆட்டும் ஒரு மரச்செக்கு எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு ஊர்களில் இருக்கும் குடும்பங்கள், கண் முன்னால் ஆட்டிய எண்ணெயை வாங்குவதற்காக வருவார்கள் என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. முதல் மாதத்திலிருந்தே எண்ணெய் விற்றது. விற்பனை இருந்தும் காசு ஏன் நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன், ஒரு ஈடு, அதாவது ஒரு தடவைக்கு உரலில் கொட்டும் சரக்கு, அதை எப்படி ஆட்டுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இரண்டு செக்குகள் உள்ளன. ஒன்று தேங்காய்ப் பருப்புக்கு மட்டும். மற்றொன்றில் கடலையும் எள்ளும். இரண்டிலும் உலக்கை வாகை மரத்தால் ஆனது. காலை ஆறரை மணிக்கு 20 கிலோ நிலக்கடலைப் பருப்பை உரலில் கொட்டி மோட்டாரைப் போட்டால், முதல் கால் மணி நேரம் அது வெறுமனே நொறுங்கும். பிறகு மாவாகும், மாவு இறுகி உலக்கையைச் சுற்றிப் பிடிக்கும். அந்தச் சமயத்தில் கையளவு தண்ணீர் தெளிக்க வேண்டும். குறைந்தால் எண்ணெய் பிரியாது. கூடினால் எண்ணெயில் ஈரம் தங்கிச் சில வாரங்களில் காறல் வாடை அடிக்கும். எள்ளுக்குத் தண்ணீருக்குப் பதிலாகக் கருப்பட்டி போடுகிறோம், 20 கிலோ எள்ளுக்கு ஒன்றரைக் கிலோ வரை. கருப்பட்டி இளகி எள் மாவைப் பிடித்துக்கொள்ள, எண்ணெய் தனியே பிரிந்து வரும். அந்த எள்ளுப் புண்ணாக்கு லேசாக இனிக்கும். எங்கள் அம்மா சிறுமியாக இருந்தபோது செக்கடிக்குப் போய் அதைக் கேட்டு வாங்கித் தின்றதைச் சொல்வார். இன்றும் வயதானவர்கள் கடைக்கு வந்தால், சூடாக ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாமல் போவதில்லை.

ஒன்றேகால் மணி நேரத்தில் ஈடு முடியும். 20 கிலோ கடலைக்கு 8 லிட்டர் எண்ணெய் வரும். ஏறத்தாழ 12 கிலோ புண்ணாக்கு வரும். கடலைப் பருப்பு கிலோ 105 ரூபாய் என்றால் அந்த ஈட்டுக்குச் சரக்கு மட்டும் 2,100 ரூபாய். எண்ணெய் லிட்டர் 280 ரூபாய்க்கு விற்றால் 2,240 ரூபாய். வித்தியாசம் 140 ரூபாய். எட்டு பாட்டிலுக்கும் லேபிளுக்கும் 96 ரூபாய், ஆட்டுபவர் கூலியில் அந்த ஈட்டுக்கான பங்கு, கரண்ட் எல்லாம் சேர்த்தால் 240 ரூபாய் ஆகிவிடும். ஆக, நாங்கள் இவ்வளவு பெருமையாகப் பெயர்ப்பலகையில் எழுதி விற்கும் கடலை எண்ணெயில், ஈட்டுக்கு 100 ரூபாய் கையை விட்டுப் போகிறது. புண்ணாக்கு கிலோ 50 ரூபாய் வீதம் 12 கிலோவுக்கு 600 ரூபாய் வரும்போதுதான் ஈட்டுக்கு 500 ரூபாய் மிஞ்சுகிறது. வாடகையும் வங்கித் தவணையும் எங்கள் வீட்டுச் செலவும் அந்த 500 ரூபாயிலிருந்துதான் போக வேண்டும்.

எண்ணெய் விலையைக் கூட்டி வைத்தால் என்ன என்று கேட்கலாம். தொடக்கத்தில் கூட்டித்தான் வைத்திருந்தேன், 310 ரூபாய். வந்தவர்கள் ஒரு லிட்டர் வாங்கிப் போனார்கள், இரண்டாவது முறை வரவில்லை. பக்கத்து மளிகைக் கடையில் பாக்கெட் எண்ணெய் அதில் பாதி விலைக்கும் கீழே அப்போது கிடைத்தபோது, மாதம் நான்கு லிட்டர் செலவாகும் வீட்டுக்காரர்களிடம் நான் அதற்கு மேல் எதிர்பார்த்தது நியாயமும் இல்லை. 2024 செப்டம்பர் 14 முதல் மத்திய அரசு இறக்குமதி எண்ணெய்களின் சுங்க வரியை உயர்த்தியது. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அதுவரை இல்லாத அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதமானது. அதற்குப் பிறகு பாக்கெட் எண்ணெய் விலை ஏறி, எங்கள் விலைக்கும் அதற்கும் இருந்த இடைவெளி கொஞ்சம் குறைந்தது. தீபாவளிக்கு முன் புதிதாகச் சில குடும்பங்கள் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அப்போது நானும் விலையைக் குறைத்து 280 ரூபாயில் நிறுத்தினேன். ஓராண்டாக அதே விலை.

எனக்குக் கற்றுக்கொடுத்த மாட்டுக்காரர்களில் ஒரு பெரியவரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு மேற்கே தோட்டம் வைத்திருப்பவர். நான்கு கறவை மாடுகளும் ஒரு சோடிக் காங்கேயம் காளைகளும் அவர் கட்டுத்தரையில் உண்டு. செக்குத் தொடங்கிய இரண்டாவது வாரத்திலிருந்தே வாரம் 25 கிலோ கடலைப் புண்ணாக்கு எடுத்துப் போகிறவர். எண்ணெய் வாங்க வருபவர்கள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்கள், லேபிளைப் படிப்பார்கள். இவர் அப்படி எதையும் பார்ப்பதில்லை. சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுப்பார், இரண்டாக உடைப்பார், உடைந்த இடத்தை முகர்வார், பிறகு உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு, கையை விரித்துப் பார்ப்பார். அவ்வளவும் அரை நிமிடம்கூட ஆகாது.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதேபோலத் தேய்த்துப் பார்த்தவர், கையை என் பக்கம் நீட்டினார். உள்ளங்கை ரேகைகளுக்குள் எண்ணெய் மினுமினுத்தது.

“அம்மிணி, இதுல எண்ணெய் நிக்குது பாரு. எனக்கு நல்லதுதான், மாடு நல்லாக் கறக்கும். ஆனா உன்ற செக்குக்கு என்னமோ ஆயிருச்சு.”

“புதுக் கடலைங்க பெரியப்பா, ஈரமா இருக்குது. அதனாலதான் எண்ணெய் கொறையுதுன்னு நெனைச்சேனுங்க.”

“ஈரமா இருந்தாப் புண்ணாக்கு வெளுத்து உதிரும். இது கையில ஒட்டுது. ஒலக்கையப் பாரு.”

அதற்கு முந்தைய மூன்று வாரங்களாக ஈட்டுக்கு 7 லிட்டர்தான் வந்துகொண்டிருந்தது. காரணம் கடலைதான் என்று நானே முடிவு செய்து, கடலை கொடுத்த வியாபாரியிடம் குறைபட்டும் இருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை நிறுத்தி, ஆட்டுபவரும் நானுமாக உலக்கையை வெளியே எடுத்தோம். அடிமுனை ஒரு பக்கமாகத் தேய்ந்து, உரலின் சுவரோடு சேராமல் விரலளவு இடைவெளி விட்டிருந்தது. அந்த இடைவெளியில் மாவு நசுங்காமல் நழுவிப் போய்க்கொண்டிருந்தது. தச்சரை அழைத்து வாகை மரத்தில் புது உலக்கை கடைந்து போட்டோம். அடுத்த ஈட்டில் எண்ணெய் 8 லிட்டருக்கு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் 22 ஈடு ஆட்டியிருந்தோம். ஈட்டுக்கு ஒரு லிட்டர் வீதம் 6,160 ரூபாய் மதிப்புள்ள எண்ணெய் புண்ணாக்கோடு சாக்குக்குள் போயிருந்தது. புண்ணாக்கு ஈட்டுக்கு ஒரு கிலோ கூடியதால் திரும்பி வந்தது 1,100 ரூபாய்.

அந்தப் பெரியவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்கு லாபம். எண்ணெய் ஊறிய புண்ணாக்கு அதே 50 ரூபாய்க்கு இன்னும் பல வாரங்கள் கிடைத்திருக்கும். அவர் சொன்னார். இந்த ஓராண்டில் எனக்குக் கிடைத்த உதவிகளை எண்ணிப் பார்த்தால், முதலில் நிற்பது அந்தச் சனிக்கிழமைதான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஈட்டுக்கும் எண்ணெயை அளப்பதற்கு முன் புண்ணாக்கை எடை போட்டு எழுதுகிறேன். எண்ணெய் கசடோடு கலந்து வருவதால் தெளிந்த பிறகுதான் அதன் உண்மையான அளவு தெரியும். அதற்கு மூன்று நாள் ஆகும். புண்ணாக்கின் எடையோ அந்த நிமிடமே தெரிந்துவிடும். 12 கிலோவைச் சுற்றி நின்றால் செக்கு சரியாக ஓடுகிறது. 13ஐ நெருங்கினால் உலக்கையைப் பார்க்க வேண்டும்.

மாடு வளர்ப்பவர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், இவ்வளவு கூர்மையாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பால் சொசைட்டியில் பாலின் அளவுக்கு மட்டும் காசு இல்லை. கொழுப்புக்கும் இதரச் சத்துக்கும் சேர்த்துத்தான் விலை போடுகிறார்கள். ஒரு அக்கா, தன் சொசைட்டிச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வந்து என் மேசையில் அடுக்கினார். நான் கொடுத்த ஒரு மூட்டைப் புண்ணாக்கை வைத்த வாரத்தில் கொழுப்பு 4.1இலிருந்து 3.8க்கு இறங்கியிருக்கிறது என்று தேதிவாரியாகக் காட்டினார். புண்ணாக்குதான் காரணமா, பச்சைத் தீவனம் மாறியதா என்பதை நான் எப்படி அறிவேன்? ஆனால் என் எண்ணெயை வாங்கியவர்களில் ஒருவரும் இத்தனை கவனமாக என் சரக்கைச் சோதித்ததில்லை. அந்த மூட்டையை மாற்றிக் கொடுத்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்ததில், அது நாற்பது நாள் பழைய மூட்டை. மரச்செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் அதிகம் நிற்கும். ரசாயனக் கரைப்பானில் எண்ணெய் பிரிக்கும் பெரிய ஆலைகளின் புண்ணாக்கில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் மிஞ்சும். எண்ணெய் இருப்பதுதான் நம் புண்ணாக்கின் சிறப்பு. அதுவே அது சீக்கிரம் கெட்டுப்போவதற்கும் காரணம். அதன் பிறகு மூட்டையின் மேல் ஆட்டிய தேதியை எழுதி வைக்கிறேன். மூன்று வாரத்துக்கு மேல் எதையும் வைத்துக்கொள்வதில்லை.

கார்த்திகையில் நான் செய்த பெரிய தவறையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அடைமழைக் காலத்தில் கடலை விலை ஏறியிருந்தபோது, வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு வியாபாரி கிலோவுக்கு 9 ரூபாய் குறைத்து 500 கிலோ பருப்பு கொடுப்பதாகச் சொன்னார். மேல் மூட்டையை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன். உள் மூட்டைகளைப் பிரித்தபோது கறுத்த கடலையும், சுருங்கிய கடலையும், பச்சையாகப் பூசணம் பிடித்த கடலையும் கலந்திருந்தன. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு அவர் தொலைபேசியையே எடுக்கவில்லை. ஆட்டினால் எண்ணெயின் நிறத்தில் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உண்டாகிறது. ஆட்டும்போது அதில் பெரும்பகுதி புண்ணாக்கோடு தங்கிவிடும். அந்தப் புண்ணாக்கைத் தின்னும் மாட்டின் பாலிலும் அது வேறு வடிவத்தில் இறங்கும். என்னிடம் புண்ணாக்கு வாங்கும் வீடுகளில் எத்தனை வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நான்கு பெண்களை உட்கார வைத்து, இரண்டு நாள் முழுக்கக் கையால் பொறுக்கினோம். 38 கிலோ கழிந்தது. அதைக் குழி தோண்டிப் புதைத்தோம். கிலோவுக்கு 9 ரூபாய் மிச்சம் பிடித்ததில் 4,500 ரூபாய் லாபம் என்று எண்ணியிருந்தேன். கழிவும் பொறுக்கு கூலியும் சேர்ந்து அதைவிட அதிகமாகவே போனது.

அதே மழைக்காலத்தில் எண்ணெய் தெளிய வைப்பதற்கும் சிரமப்பட்டோம். ஆட்டிய எண்ணெயை எவர்சில்வர் பாத்திரங்களில் ஊற்றி, வெள்ளைத் துணி கட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தால்தான் கசடு அடியில் படியும். தொடர்ந்து ஆறு நாள் வெயில் இல்லாதபோது, அவசரப்பட்டு அரைகுறையாகத் தெளிந்த எண்ணெயைப் பாட்டிலில் அடைத்துவிட்டேன். பதினோரு பாட்டில் திரும்பி வந்தது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது மழைக்கு முன்பே பத்து நாள் இருப்பைத் தெளிய வைத்து எடுத்து வைக்கிறோம். அவ்வளவுதான் அதற்கு மருந்து.

தேங்காய் எண்ணெயின் கதை வேறு. நாங்கள் தொடங்கிய 2024 ஆவணியில் பருப்பு கிலோ 100 ரூபாயைச் சுற்றி இருந்தது. கந்தகப் புகை போடாத பருப்பு வேண்டும் என்பதற்காகத் தெரிந்த இரண்டு களங்களில் மட்டும், மூன்று நான்கு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். அதன் பிறகு விலை இறங்கவே இல்லை. அந்த ஆண்டுக் கோடையின் கடும் வெப்பம், வெள்ளை ஈத் தாக்குதல், பொள்ளாச்சிப் பக்கத்தில் வேர் வாடல் நோய் என எல்லாம் சேர்ந்து காய்ப்பைக் குறைத்தன. இளநீராகவே நிறையக் காய் போய்விட்டது. 2025ஆம் பருவத்துக்கு அரைவைக் கொப்பரைக்கு, அதாவது எண்ணெய் ஆட்டும் தேங்காய்ப் பருப்புக்கு, மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். ஆனி மாதத்தில் சந்தை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டி ஓடியது. தென்னை வைத்திருப்பவர்கள் பல ஆண்டுகளாக விலை இல்லாமல் வாடியவர்கள். அவர்களுக்கு நல்ல விலை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், என் அண்ணன் வீட்டிலும் தென்னந்தோப்பு இருக்கிறது. ஆனால் செக்குக்காரியாக நான் திணறினேன்.

ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு ஒன்றே முக்கால் கிலோ பருப்பு வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய பருப்பின் விலையை வைத்து எண்ணெய்க்கு விலை போட்டு விற்றேன். நோட்டில் ஒவ்வொரு லிட்டருக்கும் லாபம் தெரிந்தது. ஆனால் 100 லிட்டர் விற்ற காசை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனால், 90 லிட்டருக்கான பருப்புதான் கிடைத்தது. அடுத்த முறை அதிலும் குறைந்தது. கையிருப்புச் சாக்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நோட்டு மட்டும் லாபம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதிய எனக்கு இது விளங்காமல் இருந்திருக்கக் கூடாது. சொந்தச் சரக்கு என்று வரும்போது, தெரிந்ததும் கைக்கு வரவில்லை. வைகாசிக்குப் பிறகுதான் வாங்கிய விலையை விட்டுவிட்டு, இன்று களத்தில் என்ன விலையோ அதை வைத்து எண்ணெய் விலை போடத் தொடங்கினேன். அதற்குள் 24,000 ரூபாய் அளவுக்கு முதல் கரைந்திருந்தது.

விலை உயர்வைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. தொடக்கத்தில் 240 ரூபாய்க்கு வாங்கியவரிடமே ஆடியில் 480 ரூபாய் என்று சொல்ல வேண்டியிருந்தது. தலைக்குத் தேய்க்க மட்டும் வாங்கும் வயதானவர்கள், விலையைக் கேட்டுவிட்டுப் பையைச் சுருட்டிக்கொண்டு திரும்பியது மனத்தை அறுத்தது. அவர்களுக்காக 200 மில்லி பாட்டில் போட்டேன். அதில் பாட்டில் செலவு கூடுதல், வருமானம் குறைவு. இருந்தாலும் அந்தப் பாட்டிலை நிறுத்தப் போவதில்லை.

கடனுக்குக் கொடுத்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதத்தில் மூன்று மளிகைக் கடைகளுக்கு எண்ணெய் போட்டேன். விற்பனை எண்ணிக்கை கூடுவது பார்க்க நன்றாக இருந்தது. ‘அடுத்த லோடு போடும்போது வாங்கிக்கலாம்’ என்ற ஒரே பதிலில் நான்கு மாதம் ஓடியது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவு வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். சட்டம் எனக்குத் தெரியும். ஆனால் 18,600 ரூபாய்க்காக, நாளைக்கும் அதே சாலையில் முகம் பார்க்க வேண்டியவர்கள் மேல் யார் மனு எழுதுவார்கள்? இரண்டு கடைகள் மெல்ல மெல்லக் கொடுத்துவிட்டன. ஒன்று இன்னும் 6,200 ரூபாய் தர வேண்டும். இப்போது கடைகளுக்குப் போடுவதில்லை. புண்ணாக்கு வாங்குபவர்களுக்கும் நான் கடன் கொடுத்ததுண்டு, கொடுத்துக்கொண்டும் இருக்கிறேன். பால் பணம் வந்த மறுநாள் காலையில், நான் கேட்காமலே, எண்ணி எடுத்து வந்து மேசையில் வைத்துவிடுகிறார்கள். ஓராண்டில் புண்ணாக்குக் கடனில் ஒரு ரூபாய்கூட நின்றுபோகவில்லை.

உரிமங்கள், பதிவுகள் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நான் தொடங்கியபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உள்ள உணவுத் தொழிலுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு போதுமானதாக இருந்தது. ஐந்தாவது மாதத்திலேயே எங்கள் கணக்கு அதைத் தாண்டும் என்று தெரிந்ததால் மாநில உரிமத்துக்கு மாறினேன். எடைத் தராசுக்கு முத்திரை, லேபிளில் விலையும் தயாரித்த மாதமும் அளவும், இவற்றை ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் பிறகு தொந்தரவு இல்லை. எண்ணெயின் அளவை மில்லியிலும் கிராமிலும் சேர்த்துப் போட வேண்டும். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் 910 கிராம்தான் என்பதை இந்த ஓராண்டில் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று எண்ணவே முடியாது. கடனுக்கு, 2020இல் தொடங்கிய மத்திய அரசின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில் 35 சதவீத மானியம் கிடைத்தது. அந்த மானியம் மூன்று ஆண்டு வங்கியிலேயே நின்று, பிறகுதான் கடனில் கழியும். அதுவரை தவணை குறைந்துவிடும் என்று எண்ணித் திட்டம் போட வேண்டாம் என்பதை மட்டும் புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்கிறேன்.

திருப்பூரில் கடைசியாக நான் வாங்கிய சம்பளம் மாதம் 22,000 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த ஆண்டு 72,000 ரூபாய் குறைவாகச் சம்பாதித்திருக்கிறேன். வீட்டில் இதை மறைக்கவில்லை. என் கணவர் கணக்கை முழுதும் பார்த்துவிட்டு, “அடுத்த வருசமும் ஓட்டலாமில்ல?” என்று மட்டும் கேட்டார். ஓட்டலாம் என்றேன். என் சொல்லுக்குப் பின்னால் இருந்தது எண்ணெயின் பெயரைக் கேட்டு வந்த கூட்டம் அல்ல. வாரந்தோறும் தவறாமல் வரும் அறுபது கட்டுத்தரைக்காரர்கள்.

இரண்டாம் ஆண்டுக்குச் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். இதுவரை புண்ணாக்கு மூட்டைகள் பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்துக்கு அருகே கிடந்தன. வாங்க வருபவர்கள் சந்து வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்தது. இப்போது முன்பக்கத்திலேயே, ஈரம் ஏறாமல் மரப்பலகை மேல் அடுக்கி, கடலை, எள், தேங்காய் என்று மூன்றுக்கும் அன்றைய விலையும் ஆட்டிய தேதியும் எழுதிய பலகை மாட்டியிருக்கிறேன். கடலையை மூட்டைக்கு மூட்டை பிரித்துக் கொட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. உலக்கையை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்துப் பார்க்கிறோம். மாற்று உலக்கை ஒன்றும் கடைந்து தயாராக வைத்திருக்கிறோம். கணக்கு நோட்டில், தேதிக்கு அடுத்த முதல் கட்டம் இப்போது புண்ணாக்கின் எடைக்கு. எண்ணெய் அதற்கு அடுத்த கட்டத்தில்.

இன்று காலை முதல் ஈட்டுக்கு 11 கிலோ 900 கிராம்.